ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு பெரிய அணி: க்ரூஸ் அசுல், 1964 முதல் 2025 வரை

மெக்சிகோ கால்பந்தில் நான்கு அணிகளைப் பெரிய அணிகள் என்பார்கள். குவாதலஹாரா அணி 2010 இல் சொந்த அரங்கு கட்டிக்கொண்டது. கிளப் அமெரிக்காவும் அஸ்தேகா அரங்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டும் ஒரே வணிகக் குழுமத்தின் கையில் இருப்பவை. பூமாஸ் பல்கலைக்கழக அணி, பல்கலைக்கழக அரங்கில் ஆடுகிறது. நான்காவது க்ரூஸ் அசுல். ஒன்பது முறை லீக் பட்டம் வென்ற அணி. சிமென்ட் தயாரிக்கும் கூட்டுறவு ஒன்றின் அணியும்கூட. ஆனால் 1971 இலிருந்து அதற்குத் தலைநகரில் சொந்த அரங்கு கிடையாது.

இது எப்படி நடந்தது, எந்தெந்த நேரத்தில் என்ன முடிவு எடுத்தார்கள், அதன் பின் என்ன ஆனது என்பதே இந்த ஆய்வு. முடிவெடுத்தவர்களின் பெயர்களைச் சொல்லவில்லை. அறுபது வருடங்களில் ஆட்கள் பலமுறை மாறினார்கள், நிலைமை மட்டும் மாறவில்லை.

பின்னணி: ஆலை, ஊர், அணி

மெக்சிகோ நகரத்துக்கு வடக்கே, இடால்கோ மாநிலத்தில் ஹாஸ்ஸோ என்ற சிற்றூர். அங்கே 1881 இல் ஒரு ஆங்கிலேயர் தொடங்கிய ஆலை பிற்காலத்தில் சிமென்ட் ஆலையானது. க்ரூஸ் அசுல் என்றால் நீலச் சிலுவை. 1927 மே 22 அன்று அந்த ஆலைத் தொழிலாளிகள் கால்பந்து அணியைத் தொடங்கினார்கள். 1931 இல் ஆலையை மூடிவிடும் நிலை வந்தபோது தொழிலாளிகளே அதைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள், பிறகு அது கூட்டுறவாக மாறியது. ஊரே கூட்டுறவின் ஊர் ஆனது. வீடு, பள்ளி, விளையாட்டுத் திடல் எல்லாம் கூட்டுறவைச் சுற்றியே அமைந்தன.

1964 இல் அணி இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஏறியது. அதன் அரங்கின் பெயர் டிசம்பர் 10 அரங்கு. சில ஆயிரம் பேர் மட்டுமே உட்காரக்கூடிய சின்ன இடம். அங்கே ஆடிய அணி 1968-69 பருவத்தில் முதல் லீக் பட்டத்தை வென்றது. அதே பருவத்தில் உள்நாட்டுக் கோப்பையும், 1969 இல் வட, மத்திய அமெரிக்க, கரீபிய அணிகளுக்கான கான்ககாஃப் பட்டமும் வந்தன. உலகக் கோப்பையை ஒட்டி 1970 இல் நடந்த சிறப்புப் போட்டித் தொடரிலும் லீக் பட்டம் க்ரூஸ் அசுலுக்கே. முதல் பிரிவுக்கு வந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு ஆலை ஊரின் அணி இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு உயரம் போனதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது.

முதல் முடிவு: 1971

வெற்றி வந்ததும் ஊர் போதாமல் போனது. தலைநகரத்தில் 1966 மே 29 அன்று திறந்த அஸ்தேகா அரங்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் கொள்ளும். டிசம்பர் 10 அரங்கில் ஒரு பருவம் முழுக்க வருகிற கூட்டத்தை அஸ்தேகாவில் ஒரே மாலையில் பார்க்கலாம். 1971 இல் அணி அஸ்தேகாவுக்குக் குடிபெயர்ந்தது.

அன்றைய கணக்கில் இதைத் தவறென்று சொல்ல முடியாது. சாம்பியன் அணி, ஆனால் டிக்கெட் வருமானம் சிற்றூர் அளவு. இந்த நிலையில் யாராக இருந்தாலும் தலைநகருக்குத்தான் போயிருப்பார்கள். முடிவு பலனும் தந்தது. 1971-72, 1972-73, 1973-74 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள். அதில் முதலாவதை 1972 ஜூலையில் அஸ்தேகாவில் கிளப் அமெரிக்காவை 4-1 என்று வென்று எடுத்தார்கள். பிறகு 1978-79, 1979-80 என்று மேலும் இரண்டு. எதிரே வந்ததையெல்லாம் நசுக்கிக்கொண்டு போனதால் ‘லா மாகினா’, அதாவது எந்திரம், என்ற பட்டப்பெயர் நாடு முழுக்கப் பரவியது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பத்தாண்டுகளில் அணியிடம் பணம் இருந்தது, புகழ் இருந்தது, நாடு முழுக்க ரசிகர்களும் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அது குடியிருந்தது போட்டி அணியின் வீட்டில். அஸ்தேகாவின் முதல் ஆட்டமே கிளப் அமெரிக்கா ஆடியதுதான். வீட்டுக்காரர் யார், குடித்தனக்காரர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும்வரை அது ஒரு பிரச்சினையாகவும் தெரியவில்லை.

செங்கல் குழியில் எழுந்த அரங்கு

அடுத்த வீட்டுக்கு அணியைவிட நீண்ட கதை உண்டு, அதனால் சற்றுப் பின்னே போக வேண்டும்.

1940களில், யுகாத்தானைச் சேர்ந்த நெகிப் சிமோன் என்ற தொழிலதிபர் மெக்சிகோ நகரத்தின் தெற்குப் பகுதியில் ஒரு விளையாட்டு நகரம் கட்டத் திட்டமிட்டார். அரங்கு, காளைப்போர்க் களம், டென்னிஸ் திடல்கள், நீச்சல் குளங்கள் எல்லாம் ஒரே வளாகத்தில். இடம் பழைய செங்கல் சூளைப் பகுதி. செங்கலுக்காக மண் எடுத்து எடுத்து ஆழமான குழிகள் ஏற்கெனவே இருந்தன. பொறியாளர் மொதெஸ்தோ ரோலாந் அந்தக் குழிகளையே பயன்படுத்திக்கொண்டார். தோண்ட வேண்டிய வேலையில் பெரும்பகுதி மிச்சம். அதனால்தான் இன்றும் தெருவிலிருந்து உள்ளே போகிறவர் கேலரியில் ஏறுவதற்குப் பதிலாக இறங்குகிறார். ஆடுகளம் தெருவைவிடத் தாழ்ந்து, கிண்ணத்தின் அடிபோல் கிடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அரங்கின் உண்மையான அளவு தெரியாது.

1946 பிப்ரவரி 5 அன்று காளைப்போர்க் களம் திறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று அரங்கு, அதுவும் ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தோடு. கால்பந்து அங்கே வந்தது 1947 ஜனவரியில். அதற்குள் பணம் தீர்ந்துபோய், மற்ற திட்டங்கள் காகிதத்தோடு நின்றன. விளையாட்டு நகரம் என்ற பெயர் மட்டும் அந்தப் பேட்டையின் பெயராக நிலைத்துவிட்டது.

பிறகு நடந்ததெல்லாம் குடித்தனக்காரர்கள் மாறிய கதைதான். 1952 இல் பல்கலைக்கழக அரங்கு, 1966 இல் அஸ்தேகா என்று பெரிய அரங்குகள் வர வர, குழிக்குள் இருந்த இந்த அரங்கு ஓரம்கட்டப்பட்டது. 1980களில் அத்லாந்தே அணி குடியேறி, தன் சட்டையின் நீலமும் கருஞ்சிவப்பும் சேர்ந்த ‘அசுல்கிரானா’ என்ற பெயரை வைத்தது. வருகிறவர் தன் நிறத்தைப் பூசிக்கொள்வதும் போகும்போது அது அழிவதும் இந்த அரங்கின் வழக்கம்.

இரண்டாம் முடிவு: 1996

1996 இல் க்ரூஸ் அசுல் அஸ்தேகாவை விட்டு இங்கே வந்தது. கேலரிகள் நீலமாயின, பெயர் ‘அசுல் அரங்கு’ ஆனது. 35,000க்குச் சற்றுக் குறைவான இருக்கைகள். அஸ்தேகாவில் பாதி கூட்டம் வந்தாலும் காலியாகத் தெரியும், இங்கே அதே கூட்டத்துக்கு அரங்கு நிறைந்துவிடும். கேலரி ஆடுகளத்துக்கு மிக அருகில், சத்தமோ குழிக்குள் சுழன்று எதிரணியின் காதைப் பிளக்கும். ரசிகர்களுக்கு இந்த இடம் பிடித்துப்போனது. இன்சுர்ஹென்தெஸ் சாலையிலிருந்து நடந்தே வந்துவிடலாம், வழியெல்லாம் டாக்கோ கடைகள், நீலச் சட்டை வியாபாரிகள். 25 வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக நம் இடம் என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது.

ஆனால் பத்திரத்தில் அது நம் இடம் இல்லை. நிலமும் அரங்கும் ஒரு தனியார் குடும்பத்தின் சொத்து. மாறியது பெயர்ப்பலகை மட்டும்தான்.

1996 முதல் 2016 வரை: கண்டவை

இந்த இருபது வருடங்களைத்தான் இந்த ஆய்வின் மையமாக நினைக்கிறேன். எதுவும் உடையாத வருடங்கள் என்பதால் யாரும் அதிகம் எழுதுவதில்லை.

ஆட்டக்களத்தில் நடந்தது விசித்திரமானது. 1997 டிசம்பரில் எட்டாவது லீக் பட்டம் வந்தது, ஆனால் வென்ற இடம் லியோன் நகரம். கூடுதல் நேரத்தில், எதிரணிக் கோல்கீப்பரின் காலால் முகத்தில் உதைபட்ட முன்கள ஆட்டக்காரர் ரத்தம் வழியும் முகத்தோடு வந்து பெனால்டியை அடித்தார். கூடுதல் நேரத்தில் முதல் கோல் அடிப்பவருக்கே வெற்றி என்ற தங்க கோல் விதிப்படி அதோடு ஆட்டம் முடிந்தது. அசுல் அரங்கில் இருந்த 22 வருடங்களில் கிடைத்த ஒரே லீக் பட்டம் அது. அதாவது, அசுல் அரங்கின் புல்லில் ஒரு லீக் கோப்பையைக்கூட இந்த அணி தூக்கவில்லை.

தோல்விகள் மட்டும் வீட்டிலேயே நடந்தன. 1999 டிசம்பரில் பச்சூகா இங்கே வந்து தங்க கோலில் பட்டத்தைக் கொண்டுபோனது. இறுதிப் போட்டி என்பது இரண்டு அணிகளின் அரங்கிலும் ஒவ்வொன்றாக இரண்டு ஆட்டங்கள். 2008 இல் ஒரே ஆண்டில் இரண்டு இறுதிப் போட்டிகள், சாந்தோஸிடமும் தோலுகாவிடமும். இரண்டிலும் முதல் ஆட்டம் இங்கே, இரண்டிலும் சொந்த ரசிகர் முன் தோல்வி. 2009 இல் மோன்தெரேய் இரண்டாம் ஆட்டத்தை இங்கே வென்று கோப்பையை வாங்கியது.

2013 மே மாதம் இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தை இங்கே 1-0 என்று வென்றார்கள். இரண்டாம் ஆட்டம் அஸ்தேகாவில், கிளப் அமெரிக்காவோடு. ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருக்கும்போது கிளப் அமெரிக்காவின் கோல்கீப்பர் முன்னால் ஓடிவந்து தலையால் முட்டிய பந்து கோலுக்குள் போனது. பிறகு பெனால்டியில் பட்டம் கைமாறியது. ஜெயிக்கிற ஆட்டத்தைக் கடைசி நொடியில் தோற்பதற்கு மெக்சிகோ ஸ்பானிய மொழியில் ‘க்ரூஸ்அசுலியார்’ என்று ஒரு வினைச்சொல்லே புழங்குகிறது. ஒரு அணியின் பெயர் வினைச்சொல் ஆவதன் வலி அந்த ரசிகர்களுக்குத்தான் தெரியும்.

நிர்வாகப் பக்கம் கவனித்தால் வேறொன்று தெரிகிறது. 2001 இல் தென் அமெரிக்காவின் லிபர்தாதோரெஸ் கோப்பையின் இறுதிக்கு அணி போனது. அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸுக்கு எதிரான சொந்த ஆட்டத்தை அசுல் அரங்கில் ஆடாமல் அஸ்தேகாவுக்குக் கொண்டுபோனார்கள். வரலாற்றிலேயே பெரிய ஆட்டம், அதற்குத் தன் வீடு சின்னது. 0-1 என்று தோற்றார்கள். புவெனோஸ் ஐரெஸில் 1-0 என்று வென்றும் பெனால்டியில் கோப்பை போனது. அசுல் அரங்கு நிரந்தர வீடாகப் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இருந்திருக்க முடியாது. சொந்த அரங்கு பற்றிய பேச்சு அதற்குப் பிறகு பலமுறை எழுந்து அடங்கியது. செங்கல் ஒன்றும் வைக்கப்படவில்லை.

ஏன் என்பதற்கு என் கணிப்பைச் சொல்கிறேன். வாடகை தாங்கக்கூடியதாக இருந்தது. அரங்கு நகரின் நடுவில் இருந்தது. முக்கியமாக, கோப்பை வராத ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடத்து ஆட்டக்காரர்களுக்குச் செலவு செய்வதே அவசரமாகத் தெரிந்தது. பட்ட வறட்சி நீள நீள, பத்து வருடம் கழித்துப் பயன் தரும் அரங்குக்குப் பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வராது. கூட்டுறவில் உறுப்பினர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும், ரசிகர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். இருவருமே கேட்டது கோப்பையைத்தான்.

மூன்றாம் முடிவு: 2016–2018

2016 இல் உரிமையாளர் தரப்பு அறிவித்தது: 2018 இல் அரங்கை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டப்போகிறோம். குடித்தனக்காரருக்கு இரண்டு வருட அவகாசம். அந்தப் பேட்டையில் குடியிருப்பவர்களிலும் ஒரு பகுதியினர் இடிப்பதை எதிர்த்தார்கள். ஆட்ட நாளின் நெரிசல் வாரத்தில் ஒன்றிரண்டு முறை, வணிக வளாகத்தின் நெரிசல் தினமும்.

இரண்டு வருடத்தில் புது அரங்கு கட்டி முடிக்க முடியாது. நிலம் தேடி, அனுமதி வாங்கி, அஸ்திவாரம் போடுவதற்குள்ளேயே அந்த அவகாசம் கரைந்துவிடும். ஆகவே இருந்த ஒரே நடைமுறை வழி அஸ்தேகா, அதாவது போட்டி அணியின் வீடு. 2018 ஏப்ரல் 21 அன்று மொரேலியா அணியை 2-0 என்று வென்று அசுல் அரங்கிலிருந்து விடைபெற்றார்கள். ரசிகர்கள் அழுதார்கள், இடிக்கப்போகிறார்கள் என்று நம்பித்தான் அழுதார்கள்.

இடிக்கவில்லை. வருடங்கள் போயின, அரங்கு அப்படியே நின்றது. 2020 இல் கன்கூன் நகரிலிருந்து திரும்பிய அத்லாந்தே அங்கேயே மறுபடி குடியேறியது. விளையாட்டு நகர் அரங்கு என்ற பழைய பெயர் திரும்பி வந்தது. காலி செய்யச் சொன்ன காரணம் நடக்கவே இல்லை, ஆனால் காலி செய்தது நடந்துவிட்டது.

என்ன தொடர்ந்தது

அஸ்தேகாவில் இரண்டாம் குடித்தனம் மோசமாகத் தொடங்கியது. ஒரே புல்லில் இரண்டு அணிகள், இடையிடையே இசை நிகழ்ச்சிகள். 2018 நவம்பரில் ஆடுகளம் சேறும் திட்டுமாகக் கிடந்ததால், அங்கே நடக்கவிருந்த என்.எஃப்.எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) ஆட்டத்தை ஒரு வாரத்துக்குள் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாற்றினார்கள். இரண்டு அணிகள் ஒரு தரையைப் பகிர்ந்தால் என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்தது. அடுத்த மாதமே இறுதிப் போட்டியில் கிளப் அமெரிக்காவிடம் தோல்வி. இரண்டு ஆட்டங்களும் அஸ்தேகாவில்தான். பேருக்கு ஒன்று க்ரூஸ் அசுலின் சொந்த ஆட்டம்.

2020 டிசம்பரில் இன்னொரு அடி. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பூமாஸை 4-0 என்று வென்றுவிட்டு, பல்கலைக்கழக அரங்கில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் அதே 0-4 என்று தோற்றார்கள். மொத்தம் சமம், லீக் சுற்றில் பூமாஸ் மேலே இருந்ததால் வெளியேறினார்கள். பெருந்தொற்றுக் காலம், கேலரி வெறிச்சோடிக் கிடந்தது. ஆட்டக்காரர்கள் புல்லில் உட்கார்ந்தபடியே இருந்தார்கள்.

பிறகுதான் விடிவு. 2021 மே 30 அன்று அஸ்தேகாவில் லீக் இறுதியின் இரண்டாம் ஆட்டம், சாந்தோஸுடன் 1-1, மொத்தத்தில் 2-1. இருபத்து மூன்றரை வருட வறட்சி முடிந்தது. கோப்பையைத் தூக்கிய இடம் போட்டி அணியின் வீடு என்பதை அன்று இரவு யாரும் பேசவில்லை, பேசத் தேவையும் இல்லை.

2026 உலகக் கோப்பைக்காக அஸ்தேகாவைப் புதுப்பிக்கும் வேலை நெருங்கியதும் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. 2024 ஜனவரியில் க்ரூஸ் அசுல் பழைய குழி அரங்குக்கே திரும்பியது. இடிந்துவிடும் என்று நினைத்து அழுது விடைபெற்ற அதே இடம். அந்த ஆண்டின் நடுவில் அஸ்தேகா மூடப்பட்டதும் கிளப் அமெரிக்காவும் அங்கேயே வந்தது. அத்லாந்தே ஏற்கெனவே இருந்தது. ஒண்டுக்குடித்தனம் என்றால் இதுதான். 2024 இறுதியில் லீக் சுற்றை 42 புள்ளிகளோடு முதலிடத்தில் முடித்த க்ரூஸ் அசுல், அரையிறுதியில் கிளப் அமெரிக்காவைச் சந்தித்தது. இரண்டு ஆட்டமும் ஒரே அரங்கில். முதலாவதில் 0-0. இரண்டாவதில் 3-4 என்று தோல்வி. முதலிடம் பிடித்த அணிக்கு இரண்டாம் ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் ஆடுவதுதான் பரிசு. எதிரணிக்கும் அதுவே சொந்த மைதானமாக இருந்தால் பரிசில் என்ன மிச்சம்?

2025 ஜனவரியில் நான்காம் முடிவு: பல்கலைக்கழக அரங்கு. பூமாஸின் வீடு, 0-4 நடந்த இடம். 1968 ஒலிம்பிக்கின் முதன்மை அரங்கு, எரிமலைக் கல்லில் எழுந்தது, வாசலில் தியேகோ ரிவேராவின் புடைப்புச் சித்திரம். குழி அரங்கைவிட மிகப் பெரியது, கிளப் அமெரிக்காவோடு பகிர வேண்டியதும் இல்லை. 2025 ஜூன் 1 அன்று கான்ககாஃப் சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் வான்கூவர் ஒயிட்கேப்ஸை 5-0 என்று அங்கே வென்றார்கள். இந்தக் கோப்பை அணிக்கு ஏழாவது முறை. நாலரை வருடத்துக்கு முன் ஆட்டக்காரர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அதே புல்லில், அன்று நீலக் காகிதத் துண்டுகள் பறந்தன. கேலரியில் மட்டும் பூமாஸின் சின்னமும் நிறமும் அப்படியே இருந்தன.

வேறு மாதிரி செய்திருக்கக்கூடியவை

1971 முடிவை நான் மாற்ற மாட்டேன். மாற்றச் சொல்வது அணி ஒரு ஆலை ஊரிலேயே இருந்திருக்கலாம் என்று சொல்வதாகிவிடும். ஆனால் ஐந்து பட்டங்கள் வென்ற அந்த ஒன்பது வருடங்களிலேயே தலைநகரின் விளிம்பில் நிலம் வாங்கிப் போட்டிருக்கலாம். அஸ்திவாரம் போடாவிட்டாலும் பரவாயில்லை. நகரம் பரவப் பரவ அந்த நிலத்தின் விலை எட்டாத உயரம் போனது. பிறகு யோசித்தவர்களுக்குக் கணக்கு ஒத்துவரவே இல்லை.

1996 இல் குத்தகை பேசியபோது, விற்பதாகவோ இடிப்பதாகவோ இருந்தால் முதலில் எங்களிடம் கேட்க வேண்டும் என்ற முன்னுரிமையைத்தான் முதல் நிபந்தனையாக வைத்திருக்க வேண்டும். அரங்குக்கு நீலம் பூசுவதைவிட அது முக்கியம். அப்படி ஒன்று வலுவாக இருந்திருந்தால் 2016 அறிவிப்பை வேறு இடத்திலிருந்து எதிர்கொண்டிருக்கலாம்.

2001 இல் பெரிய ஆட்டத்தை வேறு அரங்குக்குக் கொண்டுபோன வாரமே புது அரங்கு வேலையைத் தொடங்க வேண்டிய வாரம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த இடம்தான். தேவை கண்முன்னே தெரிந்தது, அவகாசமும் பதினைந்து வருடம் இருந்தது.

2016 அறிவிப்பு வந்ததும் பேட்டைவாசிகளோடு சேர்ந்து அணி பேசியிருக்கலாம். இருவருக்கும் அரங்கு நிற்க வேண்டும் என்பதே விருப்பம். தனித்தனியாக நின்றார்கள். அரங்கு இடிக்கப்படாமலே நின்றுவிட்டதைப் பார்க்கும்போது, அவசரப்படாமல் ஒரு பருவமாவது கூடுதலாகக் கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. பின்னால் இருந்து பார்த்துச் சொல்வது சுலபம் என்பதும் எனக்குத் தெரியும். காலி செய்யச் சொன்ன பிறகு சவாலுக்காக உட்கார்ந்திருக்க எந்த அணியும் துணியாது.

பகிர்ந்த அரங்கு பற்றி லீக் நிர்வாகமும் விதி செய்திருக்க வேண்டும். இரண்டு அணிகளுக்கு ஒரே அரங்கு சொந்த மைதானமாக இருந்து, அவை இரண்டும் நாக்அவுட்டில் மோதினால், டிக்கெட் பங்கீட்டிலாவது முதலிடம் பிடித்த அணிக்கு ஒரு முன்னுரிமை இருக்க வேண்டும். 2024 அரையிறுதிக்கு முன் இதை யோசித்திருந்தால் அணிக்கு நியாயம் கிடைத்திருக்கும்.

இடால்கோவில் டிசம்பர் 10 அரங்கு இன்றும் இருக்கிறது. சில ஆயிரம் இருக்கைகள், பின்னணியில் ஆலை. கூட்டுறவின் நிலத்தில் கூட்டுறவே கட்டியது. முதல் இரண்டு பட்டங்களை வென்ற அணி ஆடியது அங்கேதான்.